அடுத்த வீட்டுக்காரி பாட வேண்டிய பாட்டு

ஆர்ஹூஸ், டென்மார்க்
1957 ஜனவரி 12

என் அன்புள்ள சுன்னிவாவுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன் வீட்டில் தங்கியிருக்கட்டும். நான் நலமாக வந்து சேர்ந்தேன். கப்பலில் வாளியைக் கட்டிக்கொண்டு படுத்தே கிடந்தேன், தரையில் கால் வைத்த பிறகுதான் நலம்.

பில்லாவும் மருமகனும் என்னை நன்றாகவே வைத்திருக்கிறார்கள். அவள் வயிற்றைப் பார்த்தால் மார்ச்சுக்குள் பேரப்பிள்ளை வந்துவிடும் போலிருக்கிறது. இங்கே எதுவும் குறையில்லை, காற்றைத் தவிர. சன்னலைத் திறந்தால் நிலக்கரிப் புகைதான் வருகிறது. மாமிசத்தைக் காற்றில் காயவைத்துத் தின்போம் என்று மருமகனிடம் சொன்னேன். "பச்சையாவா, அத்தை?" என்று கேட்டவன் இன்னும் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறான்.

அக்டோபரில் என் வீட்டுக்காரர் யாக்குப்பைக் கடல் கொண்டுபோனதிலிருந்து அந்த வீட்டில் என் காலடிச் சத்தமே எனக்குப் பயமாக இருந்தது. அதனால்தான் மகளிடம் வந்தேன். ஊரை வெறுத்து வந்ததாக நினைக்காதே. வீட்டுச் சாவி உன்னிடம் இருக்கிறது. வாரம் ஒருமுறை அடுப்பை மூட்டு, இல்லாவிட்டால் சுவர் பூஞ்சணம் பூத்துவிடும்.

உடனே பதில் எழுது. நீ சோம்பேறி என்பது எனக்குத் தெரியும்.

உன் எல்ஸ்பா

ஸ்கார்விக், ஃபரோ தீவுகள்
1957 பிப்ரவரி 2

அன்புள்ள எல்ஸ்பா அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அடுப்பை மூட்டுகிறேன், சன்னலையும் திறந்து வைக்கிறேன். சுவர் பூக்கவில்லை. உங்கள் பழுப்பு ஆடு மட்டும் வழக்கம்போல அடங்கவில்லை. வடக்குப் பாறையில் புல்லைத் தேடி இறங்கி ஏறத் தெரியாமல் நின்றது. கயிறு கட்டி இழுத்தார்கள். மேலே வந்ததும் இழுத்தவனையே முட்டியது.

அலை ஓயாததால் போதகர் போன மாதமும் வரவில்லை. நம் உபதேசியார்தான் ஆராதனை நடத்தினார். ஜலதோஷத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டே பிரசங்கப் புத்தகத்தைத் திறந்தவர், கொத்தாகப் பக்கங்களைப் புரட்டிவிட்டு ஈஸ்டர் பிரசங்கத்தை வாசிக்கத் தொடங்கிவிட்டார். "கல்லறை காலியாயிருந்தது" என்கிறார், வெளியே ஜனவரிப் பனி கொட்டுகிறது. பாதியில் அவருக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. வெளியே வந்து கேட்டதற்கு, "நல்ல சேதிதானே, எப்பச் சொன்னா என்ன?" என்றார்.

உங்களுக்கு உலர்ந்த ஆட்டுக்கால் ஒன்று அனுப்புகிறேன். மருமகனிடம் காட்டாமல் சாப்பிடுங்கள். உங்களுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

உங்கள் தங்கை,
சுன்னிவா

ஆர்ஹூஸ்
1957 பிப்ரவரி 20

சுன்னிவா,

ஆட்டுக்கால் வந்தது. மருமகன் அதை வீட்டுக்குள் வைக்க விடவில்லை. வெளி அலமாரியில் வைத்து, மேலங்கி போட்டுக்கொண்டு போய் வெட்டித் தின்கிறேன். உனக்கு என் முத்தங்கள்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் ஆட்டைப் பற்றிக் கால் பக்கம். உபதேசியாரின் மூக்கைப் பற்றி அரைப் பக்கம். உன் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஹானுஸ் உயிரோடுதான் இருக்கிறாரா?

யாக்குப்பின் உடல் கரை ஒதுங்கி அடக்கம் செய்ததற்குப் பிறகு அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை. நான் கிளம்பியபோது ஊரே துறையில் நின்றது, அவரைக் காணோம். என் முன்னால் அவர் பெயரைச் சொன்னால் நான் உடைந்துவிடுவேன் என்று நினைக்கிறாயா? நான் என்ன கண்ணாடிக் குவளையா? என்ன நடக்கிறது என்று ஒளிக்காமல் எழுது.

எல்ஸ்பா

ஸ்கார்விக்
1957 மார்ச் 10

அன்புள்ள அக்கா,

நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேட்டுவிட்டீர்கள், எழுதுகிறேன்.

அவர் உயிரோடு இருக்கிறார். ஆனால் கடலுக்குப் போகவில்லை. அக்டோபரில் அந்தப் படகு கவிழ்ந்து, அண்ணன் போய், இவர் மட்டும் படகின் அடிமரத்தைப் பிடித்துக்கொண்டு கரை வந்ததிலிருந்து துடுப்பைத் தொடவில்லை. தபால் படகு வந்தால் ஆட்களை ஏற்றி இறக்கவும் மற்றவர்கள்தான் போகிறார்கள். இவர் படகுக் கொட்டகையில் உட்கார்ந்து சிக்கே இல்லாத தூண்டில் கயிற்றைப் பிரித்துப் பிரித்துச் சுற்றுகிறார். மீன் யாராவது கொடுத்தால் சாப்பிடுகிறோம்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? கடலிலிருந்து தப்பி வந்தவனுக்காகக் கோவிலில் நன்றி வாசிக்காதவரை அவன் துடுப்பைத் தொடக்கூடாது. உபதேசியார் பெயரை வாசிக்க வேண்டும், வீட்டார் எழுந்து நிற்க வேண்டும், அடுத்த வீட்டுக்காரி ஸ்தோத்திரப் பாட்டின் முதல் அடியை எடுத்துக்கொடுக்க வேண்டும். எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரி யார், அக்கா? இந்தப் பக்கம் நீங்கள். அந்தப் பக்கம் கடல்.

அடக்கம் முடியட்டும் என்று எல்லோரும் பொறுத்தோம். பிறகு கிறிஸ்துமஸ் போகட்டும் என்றோம். அதற்குள் நீங்கள் கப்பல் ஏறிவிட்டீர்கள். உங்களிடம் இதை யார் வந்து கேட்பது? உபதேசியார் தானே பாட்டை எடுத்துக்கொடுப்பதாகச் சொல்லிப் பார்த்தார். "எல்ஸ்பா வீட்டு வாசலைத் தாண்டித்தான் நான் கோவிலுக்குப் போகணும். அவ வாயால வராத பாட்டுக்கு நான் எந்திரிக்க மாட்டேன்" என்று இவர் சொல்லிவிட்டார்.

உங்களிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன். கோடையில் ஊருக்கு வந்தால் பாடுவீர்களா?

சுன்னிவா

ஆர்ஹூஸ்
1957 மார்ச் 27

சுன்னிவா,

பில்லாவுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் நலம். யாக்குப் என்றே பெயர் வைக்கப் போகிறார்கள்.

நீ கேட்டதற்குப் பதில்: முடியாது.

உன் கடிதத்தை அடுப்பில் போட எழுந்தேன். அடுப்பு அணைந்திருந்ததால் தப்பியது. ஒரே படகு, ஒரே அலை. உன் வீட்டுக்காரர் வந்தார், என் வீட்டுக்காரர் ஏன் வரவில்லை என்று நான் கர்த்தரிடம் தினமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. சண்டை போடுகிற அதே வாயால் எழுந்து நின்று ஸ்தோத்திரம் பாடு என்கிறாய். ஊரார் முன்னால் பாடி, அதைக் கேட்டு எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்ஸ்பாவுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று பேசிக்கொண்டு வீட்டுக்குப் போய் ஆட்டிறைச்சி தின்பார்கள். நான் போய் யாருடைய முகத்தைப் பார்த்துச் சாப்பிடுவேன்?

எனக்குப் பெரிய மனசு இல்லை. வேறு யாரையாவது கேள்.

எல்ஸ்பா

ஸ்கார்விக்
1957 ஏப்ரல் 14, குருத்தோலை ஞாயிறு

அன்புள்ள எல்ஸ்பா அக்காவுக்கு,

பேரப்பிள்ளை பிறந்த சேதி கேட்டு ஊரே மகிழ்ந்தது. உபதேசியார் கோவிலில் அறிவித்தார். குட்டி யாக்குப்புக்காக ஒரு கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் முடியாது என்று எழுதியதற்கு எனக்குக் கோபமில்லை. இனி ஒருபோதும் கேட்க மாட்டேன். ஆனால் நான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். கர்த்தரிடம்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை.

அக்கா, அவர் திரும்பி வந்ததில் எனக்குச் சந்தோஷம். காலையில் அவருடைய ஈரமான பூட்ஸ் கதவோரம் கிடப்பதைப் பார்த்தாலே நன்றி என்று தொண்டை வரைக்கும் வருகிறது. பிறகு உங்கள் சன்னலில் வெளிச்சம் இல்லாததைப் பார்ப்பேன், அதை அப்படியே விழுங்கிவிடுவேன். இந்த ஆறு மாதமாக நான் அதை விழுங்கிக்கொண்டே இருக்கிறேன். உங்களை மதித்துச் செய்வதாகத்தான் நினைத்தேன். இப்போது பார்த்தால், கர்த்தர் கொடுத்ததைக் களவுப் பொருள் போல மறைத்து வைத்திருக்கிறேன். அதனால்தான் அவரும் திருடனைப் போலக் கொட்டகையில் ஒளிந்திருக்கிறார்.

இதை எழுதினால் உங்களை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் மறைத்துக்கொண்டு உங்களுக்கு ஆட்டைப் பற்றி எழுத இனி என்னால் முடியாது. எனக்குச் சந்தோஷம், அக்கா. உங்களை நினைத்தால் அழுகை வருகிறது, அவரைப் பார்த்தால் சந்தோஷம் வருகிறது, இரண்டும் ஒரே நாளில் வருகின்றன.

பதில் எழுத மனமில்லாவிட்டால் எழுத வேண்டாம். உங்கள் வீட்டு அடுப்பை மட்டும் மூட்டிக்கொண்டே இருப்பேன்.

உங்கள் சுன்னிவா

ஆர்ஹூஸ்
1957 மே 6

என் சுன்னிவா,

உன் கடிதம் ஈஸ்டர் கழிந்து வந்தது. இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம்தான். முதல் வாரம் உன்மேல் கோபம். அடுத்த வாரம் யார்மேல் என்று தெரியாத கோபம். அதற்கப்புறம் ஒரு விஷயம் உறைத்தது. யாக்குப் போனதிலிருந்து என்னிடம் எல்லோரும் தணிந்த குரலில்தான் பேசினார்கள். உண்மையைப் பேசினவள் நீ ஒருத்திதான்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காதே. பில்லாவோடு இங்குள்ள பெரிய கோவிலுக்குப் போயிருந்தேன். இவர்கள் பாடுவது உனக்குத் தெரியாது. ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் மாதிரி பாடுவார்கள். நாம் ஒரு அடியை இழுத்து முடிப்பதற்குள் இவர்கள் ஆமென் சொல்லிவிடுவார்கள். பிரசங்கம் முடிந்து கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. அந்த ஸ்தோத்திரப் பாட்டு எனக்கு இன்னும் வருகிறதா என்று மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. நின்றுகொண்டிருந்தேன், நம் ஊர் ராகத்தில் முதல் அடியை எடுத்துவிட்டேன்.

பில்லா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, உக்காரும்மா! எல்லாரும் பாக்குறாங்க!"

"பாக்கட்டும். பாட்டுத்தானே பாடுறேன், கோவில்ல வேற என்ன செய்யச் சொல்ற?" என்றேன்.

அடுத்த வரிசைத் தொப்பிக்காரி, "உடம்பு முடியலையாம்மா, தண்ணி வேணுமா?" என்றாள். ஆர்கன் வாசிக்கிறவர் எனக்குத் துணைக்கு வர முயன்றார். நம் இழுப்புக்கு அவரால் வர முடியாமல் விட்டுவிட்டார். என் குரல் மட்டும் அவ்வளவு பெரிய கூரைக்குக் கீழே தனியாகப் போனது. முதல் சரணத்தை வெறும் வாயால்தான் பாடினேன். உள்ளே ஒன்றுமில்லை, கோபம்கூட இல்லை. இரண்டாவது சரணத்தில், குளிரில் நீலம்பாரித்த கைகளோடு உன் ஹானுஸ் கரையில் கிடந்தது கண்ணில் வந்தது. நானும்தான் ஓடி வந்தேனே அன்றைக்கு. அந்தக் கைகளை நீ உன் ரவிக்கைக்குள் வைத்துச் சூடேற்றினாய். ஐயோ, இந்த ஒருவராவது வந்தாரே என்று அப்போது, என் தலையில் இடி விழுவதற்கு முந்தின அந்தக் கணத்தில், நானே நினைத்தேன், சுன்னிவா. அது நிஜம். மூன்றாவது சரணத்தில் அழுகை வந்து பாட்டு நின்றுவிட்டது.

வாசலில் போதகர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கடலில் தப்பி வந்தவருக்காகப் பாடுகிற பாட்டு அது என்று பில்லா அவரிடம் சொல்லியிருந்தாள். "கடல்ல இருந்து பொழைச்சு வந்தது உங்க வீட்டுக்காரரா?"

"இல்லீங்க ஐயா. பக்கத்து வீட்டுக்காரர். எங்க வீட்டுக்காரர் வரல."

அவர் என் கையை விடாமல் நின்றார். வசனம் எதுவும் சொல்லாததால் அவரை எனக்குப் பிடித்துப்போனது.

மனதில் நன்றி நிறைந்த பிறகுதான் பாடுவேன் என்று காத்திருந்தால் நான் சாகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பாடினேன், பாதியில் கொஞ்சம் வந்தது. முழுதும் வந்துவிட்டதாகப் பொய் சொல்ல மாட்டேன். கர்த்தரோடு என் சண்டை தீரவில்லை. அவருக்கு அது தெரியும். சண்டையோடே வா என்கிறார் போலிருக்கிறது.

இம்மாதம் 25ஆம் தேதி, சனிக்கிழமை வரும் தபால் படகில் நான் இருப்பேன். மறுநாள் காலை உபதேசியார் பெயரை வாசிக்கட்டும், நான் எடுத்துக்கொடுக்கிறேன். மூன்றாவது சரணத்தில் நான் நின்றுவிட்டால் நீ பிடித்துக்கொள். உனக்குச் சுருதி சேராது, பரவாயில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை. தபால் படகு கரைக்கு வராது, ஊர்ப் படகில் வந்துதான் என்னை இறக்க வேண்டும். அந்தப் படகில் துடுப்பு ஹானுஸ் கையில் இருக்க வேண்டும். நன்றி வாசிக்காமல் எப்படித் தொடலாம் என்று உபதேசியார் குறுக்கே வந்தால், பாட வேண்டியவளே சொல்லிவிட்டாள் என்று சொல். ஹானுஸ் மாட்டேன் என்றால் இந்தக் கடிதத்தை அவரிடமே கொடு. வேறு யார் வந்தாலும் நான் இறங்க மாட்டேன். தபால் மூட்டைகளோடு அடுத்த தீவுக்குப் போய்விடுவேன்.

அவருக்குக் கடலைக் கண்டால் பயம். எனக்கும் பயம்தான். அவர் முகத்தைப் பார்க்க அதைவிடப் பயம். இருந்தாலும் அவருக்கு நேர் எதிர்ப் பலகையில்தான் உட்காருவேன்.

நீ படகில் வராதே. கரையில் நின்றுகொள், எங்களைக் கை பிடித்து ஏற்ற ஆள் வேண்டும்.

உன் அக்கா,
எல்ஸ்பா