பகல் ஆட்டத்தில் பார்த்த கோழிக்கால்

அருகன் துணை

விக்கிரவாண்டி
12-11-84

அன்புள்ள ஜினபாலனுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். நீ கோடம்பாக்கத்தில் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய், அதைத்தான் ஊரே பார்த்துவிட்டதே. கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்க ஆள் வரவில்லை, எனக்கும் வேலையில்லை, அதனால் இந்த மாதம் மூன்று படம் பார்த்தேன். விழுப்புரத்தில் ஒரு ராஜா ராணிப் படம். ராஜா மகுடத்தைக் கழற்றி வைத்து அழுகிறார், மணிக்கட்டில் கடிகாரம் கட்டிய இடம் மட்டும் வெளுத்திருக்கிறது. ராணி கையில் அம்மை குத்திய தழும்பு. அடுத்தது காலேஜ் கதை. கதாநாயகன் பி.ஏ. இரண்டாம் வருஷமாம், தொந்தியைப் பார்த்தால் பிரின்சிபாலுக்கு அண்ணன் மாதிரி இருக்கிறான். அவனுடைய விதவைத் தாய் மாடிப்படி ஏறும்போது வெள்ளைப் புடவை, இறங்கும்போது அதற்கு நீலக்கரை முளைத்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரன் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான், நான் கரையைக் காட்டியதும் முறைத்தான். முப்பது வருஷமாகப் பகல் ஆட்டம் மட்டும் பார்க்கிறவன் நான், பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டாக வேண்டுமே, ஆனாலும் என் கண்ணுக்கு எதுவும் தப்பாது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

மூன்றாவது உன் படம். எனக்கு நல்ல சீன் இருக்கிறது, எல்லோரையும் அழைத்துப் போங்கள் என்று எழுதியிருந்தாயே, அதை நம்பினேன். நானும் அம்மாவும் மட்டும் திண்டிவனம் போயிருந்தால் போதாதா, உனக்குப் பேசிவைத்திருக்கும் பெண் உன்னைத் திரையில் பார்க்கட்டும் என்று கண்டாச்சிபுரத்து அனந்தராஜ் நயினாரையும் அவர் மகள் சந்திரவதியையும் வரச்சொல்லி டிக்கெட் எடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இடைவேளை முடிந்ததும் சாராயக்கடை. வில்லனுக்குப் பின்னால் நான்கு அடியாட்கள், மூன்றாவது ஆள் நீ, கைலி, கன்னத்தில் மரு, கையில் கோழிக்கால். அதைக் கடித்து இழுத்து மென்றுகொண்டு கதாநாயகியைப் பார்த்துச் சிரிக்கிறாய். சேனைக்கிழங்கைக்கூட வாசல் தாண்டி உள்ளே விடாத சமண வீட்டில் பிறந்த பிள்ளை. நம் களத்தில் வேலை செய்கிற தாண்டவராயன் பெஞ்சியிலிருந்து எழுந்து, "நயினார் ஊட்டுப் புள்ள கோழி துன்னுக்கினு கீதுடோய்" என்று கத்தினான், கொட்டகையே சிரித்தது. தலையைக் குனிந்த உன் அம்மா படம் முடிகிற வரை நிமிரவில்லை. அன்றும் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை.

அனந்தராஜ் நயினார் பஸ் ஸ்டாண்டு வரை எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். சம்பந்தம் போயிற்று என்றே நினைத்தேன். அந்தப் பெண்தான் வாயைத் திறந்தாள். "பழக்கம் இருக்கிறவங்க அப்படியாப்பா புடிப்பாங்க, கொய்யாப்பழம் மாதிரி புடிச்சிக்கினு இருக்காரு, அது நெசக்கறியா இருக்காது" என்றாள். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வாழைக்காயைச் செதுக்கி மசாலா தடவிக் கொடுத்திருப்பார்கள், அதைக் கடிக்கிற மாதிரி நடிக்கக்கூட என் மகனுக்குத் துப்பில்லை, இந்த மூஞ்சிக்கு இன்னொரு படம் யார் கொடுப்பார்கள் என்று பஸ் வருகிற வரை உன்னைக் கிழித்துத் தோரணம் கட்டினேன். பெற்றவனே இப்படிச் சொல்கிறானே என்று அவருக்கு மனசு இறங்கியது. தையில் கல்யாணம், இனிமேல் நடிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்துவிட்டார். நடிப்பு மோசமாக இருந்ததால் பெண் கிடைத்தவன் நீ ஒருவன்தான். சினிமாவுக்கும் இதில் நஷ்டம் இல்லை. அம்மாவும் வாழைக்காய்தான் என்று நம்பி மூன்றாம் நாள் சாப்பிட்டாள். யார் கேட்டாலும் நீயும் அதையே சொல். கிழங்கு என்று உளறி வைக்காதே, அதுவும் நமக்கு ஆகாது.

வியாழக்கிழமை மண்டிக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு நான் மட்டும் போய் அதே படத்தை இன்னொரு தரம் பார்த்தேன். முன்வரிசையில் உட்கார்ந்தேன். முதல் கடியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாய், சரி. அப்புறம் எல்லோரும் கதாநாயகியைப் பார்க்கிறார்கள், நீ ஓரத்தில் நிற்கிறாய், உன்னை டைரக்டர்கூடப் பார்த்திருக்க மாட்டார். அப்போது விழுங்கினாய். தொண்டை இறங்கியது எனக்குத் தெரிந்தது. யாரும் சொல்லாமல் நீயாகவே இன்னொரு தரம் கடித்தாய். பசி ருசி அறியாது என்பார்கள், நீ ருசி அறிந்துதான் மென்றாய். அம்மா கையால் சாப்பிடும்போது அந்த முகத்தை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்தப் பெண்ணுக்கு நான் தெரிந்தே ஒரு பொய்யனைக் கட்டிவைக்கப் போகிறேன்.

தை பிறப்பதற்குள் வந்து சேர். கிணற்றடியில் தலை முழுகிவிட்டு வாசற்படி ஏறு, அம்மா கேட்டால் பஸ் தூசி என்று சொல். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. நீங்கள் இருவரும் குறைவில்லாமல் வாழ அருகன் அருளட்டும், உனக்காக இல்லாவிட்டாலும் அவளுக்காக. ஒன்று மறக்காதே. பிள்ளை வாழைக்காயை எவ்வளவு ஆசையாகத் தின்றான் என்று அம்மா நீ வருகிற அன்று வாழைக்காய் வறுவல் செய்யப் போகிறாளாம். அவள் எதிரில் உட்கார்ந்து அதே முகத்தோடு சாப்பிடு. உனக்கு நடிக்க வருமா வராதா என்று அன்றைக்குப் பார்க்கிறேன்.

ஆசியுடன்
அப்பா
நேமிராஜ் நயினார்