சட்டைப் பையில் இருந்த புழுதி

ஹேடோ, போர்ட் பிளேர்
12.7.2022

அன்புள்ள தம்பி குணாவுக்கு,

அண்ணி எழுதுவது. நானும் குழந்தை கார்த்திகாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால்தான் கடிதம்.

நீங்கள் அனுப்பிய உங்கள் அண்ணனுடைய பெட்டி வந்தது. நீலச் சட்டையை உதறினேன், பையிலிருந்து புழுதி கொட்டியது. விரலில் தேய்த்தால் முகப்பவுடர் மாதிரி வழுக்குகிறது. இதுதானே அவர் நெஞ்சை அடைத்து உயிரை எடுத்தது? பாலைவனத்தில் மணல்தானே இருக்கும்? இது எங்கிருந்து வந்தது? தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
வைஜெயந்தி

குவைத்
9.8.2022

அன்புள்ள அண்ணிக்கு,

எங்கள் சைட்டில் காற்றை அளக்கும் ப்ரியங்கா மேடத்திடம் கேட்டேன். மணல் கனமாம், கிளம்பினாலும் கொஞ்ச தூரத்தில் விழுந்துவிடுமாம். நாடு விட்டு நாடு பறப்பது வண்டல்தானாம். வற்றிய ஏரித் தரை, தண்ணீர் வராமல் கைவிட்ட வயல், வண்டிகள் ஓடி மேல்மண் உடைந்த நிலம், இங்கிருந்தெல்லாம் எழும்புமாம். அன்றைக்கு வந்த புழுதிப் புயல் வடக்கே, பக்கத்து நாட்டில் ஆறு வற்றிய பக்கமாக இருக்கலாம் என்றார். எங்கள் ஊர் திக்லிபூர் வயல் மாதிரி, யாரோ உழுத மண்ணாகக்கூட இருக்கலாம் அண்ணி.

கார்த்திகாவுக்குச் சாக்லேட் அனுப்பியிருக்கிறேன். திட்டாமல் கொடுங்கள்.

உங்கள் தம்பி,
குணா

ஹேடோ
2.9.2022

அன்புள்ள தம்பிக்கு,

யாரோ உழுத மண் என்று படித்த பிறகு அதைத் திட்டக்கூட மனம் வரவில்லை.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அவர் இழுப்புக்காரர். சாத்தம் மரம் அறுக்கும் மில் பக்கம் போனாலே மூக்கைப் பொத்திக்கொள்வார். கேம்ப்பில் எல்லோரும் ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தார்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அவர் மட்டும் ஏன் வெளியே நின்றார்?

வைஜெயந்தி

குவைத்
30.9.2022

அண்ணி,

இதை ஐந்து தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நாங்கள் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு சொட்டு மழை பார்க்கவில்லை. அன்று மத்தியானம் வடக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பழைய ஆட்கள் உள்ளே ஓடினார்கள். நான் வாசலில் நின்று, "அண்ணே, வெளிய வாங்க! பாரிஷ் வருது, மழை! நம்ம ஊரு மாதிரியே கறுத்துட்டு வருது!" என்று கத்தினேன். படுத்திருந்தவர் இழுப்புக்கு அடிக்கும் பம்பைக்கூட எடுக்காமல் ஓடி வந்தார். நனையத் தயாராக முகத்தை மேலே தூக்கிக்கொண்டு நின்றார். சிரித்தார் அண்ணி.

நான்தான் கூப்பிட்டேன். டிசம்பரில் லீவு கிடைக்கும். உங்கள் காலில் விழ வேண்டும். வரலாமா?

குணா

ஹேடோ
25.10.2022

தம்பி குணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் மேல் தப்பில்லை. தீவில் பிறந்த யாரும் ஓடித்தான் வந்திருப்பார்கள், நானும் வந்திருப்பேன். மனசாரத்தான் எழுதுகிறேன்.

சட்டையை இன்று துவைத்தேன். தண்ணீர் கலங்கி வந்தது. யாருடைய வயலோ, சாக்கடையில் ஊற்ற மனமில்லாமல் பின்னால் வாழைக்கு ஊற்றினேன்.

டிசம்பரில் இங்கே வர வேண்டாம். நேரே திக்லிபூருக்குப் போங்கள், அங்கே உங்கள் அம்மா காத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து, மழை இருட்டும்போதெல்லாம் நீங்கள் அவரைக் கூப்பிடுவது என் காதில் விழுகிறது. இங்கே வருஷத்தில் எட்டு மாதம் மழை. இனி எழுதவும் வேண்டாம், தம்பி.

வைஜெயந்தி