முன்சக்கரம் சும்மா சுற்றியது

செவ்வாய், இரவு

இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

இன்று பேரிகை ஊர்க்காரர் முனிராஜ் எங்கள் தொழிற்சாலை வாசலுக்கே வந்துவிட்டார். தக்காளி ஏற்றிய அவருடைய வேன், எங்கள் தொழிற்சாலையில் செய்த வேன்தான், மழையில் மேடு ஏறாமல் பின்னால் சறுக்கி ஒரு பைக்கை நசுக்கியிருக்கிறது. பைக்கில் இருந்தவர் குதித்துத் தப்பியிருக்கிறார்.

"முன்சக்கரம் சும்மா சுத்துது சார், வண்டி கீழ போவுது. நான் என்னா பண்றது?"

மேலாளர் சிவராமன் சிரித்தான். "லோடு ஏத்தத் தெரியாம ஏத்துனா அப்படித்தான்யா."

யாருக்குத் தெரியாது? இன்ஜினும் முன்னால், இழுக்கும் சக்கரமும் முன்னால் என்றால் சரக்கு ஏற்றும் தளம் தாழும், விலை குறையும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பின்னால் பாரம் ஏறினால் மேட்டில் முன்சக்கரத்துக்குப் பிடிப்பு இருக்காது. சரக்கு வண்டியைப் பின்சக்கரம்தான் தள்ள வேண்டும் என்று வண்டியை வடிவமைக்கும்போதே எழுதிக் கொடுத்தேன். சான்றுக்காக மேடு ஏற்றிப் பார்த்த சோதனையன்று மணல் மூட்டைகளையெல்லாம் டிரைவர் முதுகை ஒட்டி அடுக்க வைத்தான் சிவராமன். பாரம் முன்னால் நின்றது, வண்டி ஏறியது. அவனுக்குப் பதவி உயர்வு, எனக்கு ஸ்டோர் ரூம். தக்காளிக்காரர்கள் பின்கதவு வரை பெட்டி அடுக்குவார்கள் என்பது ஓசூரில் எவனுக்குத் தெரியாது?

முனிராஜ் நாளையும் அதே மேட்டில்தான் போக வேண்டும்.

அந்த மூட்டைகளின் போட்டோ என்னிடம் இருக்கிறது. வண்டிக்குச் சான்று கொடுத்த அலுவலகத்துக்குக் காலையில் ஒரு கடிதத்தோடு தபாலில் போடுகிறேன். கையெழுத்துப் போட்டால் வயிற்றெரிச்சலில் எழுதியது என்பார்கள். அது பொய்யுமில்லை. பெயரில்லாமலே போகட்டும்.