முதுகுக் கடை திரும்பிப் பார்த்தது

அன்பு மகளுக்கு,

உள்ளூர் வெளியூர் உறவுகள் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், நமது இல்லத் தலைவி, அதாவது உன்னையும் என்னையும் பெற்ற தாய், தமது வலக்கை வலிக்கை ஆகிவிட்டபடியால் எழுத்துப் பணியிலிருந்து தற்காலிக ஓய்வு பெறுகிறார். அப்பொறுப்பு இளைய மகனாகிய என் தோளில் ஏற்றப்பட்டுள்ளது. சொல்வது அம்மா, எழுதுவது நான், நடுவில் மூக்கை நுழைப்பதும் நானே. ஆகவே அக்கா, தலைப்பில் மகள் என்று இருந்தாலும் உள்ளே அக்காதான். முதலில் நலம் விசாரிக்கச் சொல்கிறாள். இங்கே அந்த ஒரு கை நீங்கலாக எல்லா உறுப்பும் எல்லா உறுப்பினரும் சுகம். அங்கே நீயும், முக்கியமாக உன் வயிறும் சுகமா? போன தடவை வீடியோவில் பேசும்போது நீ ஜன்னலோரம் நின்றுகொண்டே ரொட்டியைக் கடித்ததை அம்மா கவனித்துவிட்டாள். ஊரையே உக்கார வச்சுப் பரிமாறின வீட்டுப் பொண்ணு இப்படி நின்னுக்கிட்டா சாப்பிடுறதுன்னு கேட்டு எழுது என்கிறாள். எழுதிவிட்டேன். வேலைக்கு நேரமானால் ஆகட்டும், நாற்காலி என்று ஒன்று இருப்பது உட்காரத்தானாம்.

கை ஏன் வலிக்கிறது என்று நீ பதறுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். கரண்டி பிடித்ததால். ஆமாம், நம் சூப் கடையின் அந்தக் கரண்டிதான், அந்த அண்டாதான். நீ நம்பமாட்டாய் என்று தெரியும், ஆகையால் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன். அன்றைக்கு போனில் நீ, நம்ம கடை இருந்த இடத்துல இப்ப என்னம்மா இருக்குன்னு கேட்டாய், அம்மா உடனே உனக்கு அங்கே மழையா என்று பேச்சை மாற்றினாள், ஞாபகம் இருக்கிறதா? அவளுக்கே தெரியாது, அதனால்தான். கடை மூடிய நாளிலிருந்து அவள் கல்லூரிச் சாலைப் பக்கமே போகவில்லை. காய் வாங்கக்கூடப் பின்சந்து வழியாகச் சுற்றித்தான் போவாள். நீ கேட்டதற்கு இப்போது நான் பதில் சொல்கிறேன். மாடிப்படிக்கு அடியில் இருந்த படிக்கட்டுக் கடை, உயரமான பையன்கள் எல்லாம் தலைகுனிந்து பணிவாகச் சாப்பிடுவார்களே, அது இப்போது போன் ரிப்பேர் கடை, அங்கேயும் எல்லோரும் தலைகுனிந்துதான் இருக்கிறார்கள். சுவரெல்லாம் கண்ணாடி மாட்டிய கண்ணாடிக் கடை, எதிரெதிரே உட்காரத் தைரியமில்லாத காதலர்கள் கண்ணாடி வழியே பார்த்துக்கொள்வார்கள் என்று நீதான் எனக்குச் சொல்லிக் கெடுத்தாய், அது முடிவெட்டும் கடை ஆகிவிட்டது, கண்ணாடிகள் மட்டும் வேலை இழக்கவில்லை. எதிர்வரிசையில் கத்திக் கத்தியே ஆள் பிடிப்பாரே, அந்தக் கத்தல்காரரின் வறுவல் கடையில் ஏடிஎம், உள்ளே ஒரு சத்தமும் இல்லை, கத்தல்காரர் பார்த்தால் அழுதுவிடுவார். நம் கடை ஜெராக்ஸ் கடை. எவ்வளவு பிரதி எடுத்தாலும் அங்கே ஒரு கிண்ணம் சூப்புக்குப் பிரதி எடுக்க முடியாது. எல்லோரும் சாப்பாட்டை போனிலேயே வரவழைக்கத் தொடங்கினார்கள், கட்டடக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள், ஒரே வருஷத்தில் சாலையே கடையைக் கட்டிவிட்டது.

கடை போனாலும் அண்டா போகவில்லை. அது நம் வீட்டு நடையில், குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தது. அண்டாவை அண்டியவர் முட்டி தப்பாது. அப்பா தினமும் இடித்துக்கொண்டு, ஒண்ணு இந்த அண்டா இருக்கணும், இல்ல என் முட்டி இருக்கணும் என்பார். நான் அதில் என் பந்துகளைப் போட்டு வைத்திருந்தேன். அம்மா அதைத் தாண்டும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தாண்டுவாள். அப்படியிருக்கையில்தான் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்திலிருந்து ஒரு வழுக்கைத் தலை கண் டாக்டர் வந்தார். ஆண்டு விழாவாம், கல்லூரிச் சாலையில் மூடிப்போன கடைக்காரர்களைத் தேடிப்பிடித்து ஒரு சாயங்காலம் மட்டும் பழையபடி சமைக்கச் சொல்கிறார்களாம். அம்மா, போய்ச் சேர்ந்த கடைக்கு எதுக்குப் பொறந்த நாள் என்றாள். அவர் விடவில்லை. நான் மூணாவது மேசைம்மா, தகர மேசை, என்னைத் தெரியலையா என்று கெஞ்சினார். எப்படித் தெரியும்? அடுப்பு சுவரோரம் இருந்ததால் அம்மா எப்போதும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பாள், அதனால்தானே பையன்கள் நம் கடைக்கு முதுகுக் கடை என்று பெயர் வைத்தார்கள். இன்னொரு கரண்டி சூப் வேண்டுமென்றால் வாயைத் திறக்கக் கூடாது, ஸ்பூனால் மேசையை இரண்டு தட்டு தட்ட வேண்டும். தட்டு காலியானால் தட்டு என்று அப்பா பலகையே எழுதி மாட்டியிருந்தார். எதிர்க்கடையில் கத்துவது இரண்டு கடைக்கும் போதும் என்பது அம்மாவின் கொள்கை. தகர மேசை ஒரு சத்தம், மர மேசை ஒரு சத்தம், கல் மேசை ஒரு சத்தம், திரும்பாமலே அம்மா எந்த மேசை என்று அப்பாவிடம் சொல்லிவிடுவாள்.

கடைசியில் அம்மா ஒப்புக்கொண்டாள், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அண்டா அன்னிக்குக் காலியாச்சுன்னா வச்சிக்கிறேன், மிச்சம் இருந்துச்சுன்னா மறுநாள் காலையில பழைய சாமான்காரர் வந்து எடுத்துட்டுப் போகட்டும், அப்புறம் இந்த வீட்ல யாரும் கடைங்கற பேச்சே எடுக்கக் கூடாது என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை அக்கா, அந்த ஆளுக்கு போன் போட்டு வரச் சொல்லியும் விட்டாள். அப்பா அன்று முழுக்க முட்டியைப் பற்றிப் பேசவே இல்லை. நான் பந்துகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்தேன், உன்மேல் சத்தியம்.

விழா மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் மேசைகளைத்தான் பார்த்தேன். எல்லா மேசையிலும் போர்வை கனத்துக்கு வெள்ளை விரிப்பு. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் கோட்டு, பட்டு, கைக்கடிகாரம். கேஸ் இணைப்பு சுவரோரம் இருந்ததால் அம்மா வழக்கம்போல முதுகைக் காட்டி நின்றாள். பக்கத்து அடுப்பில், யாரென்று நினைக்கிறாய், கத்தல்காரர்! எதிர்க்கடையில கை கழுவ வெந்நீர் கிடைக்கும், குடிச்சுட்டு இங்க வந்து சாப்பிடுங்கன்னு நம் சூப்பைப் பற்றித் தெருவே கேட்கக் கத்தியவர். இத்தனை வருஷமாக அம்மா அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை, அன்றும் பேசவில்லை. அதிசயம் என்னவென்றால் அவரும் அன்று ஒரு தடவைகூடக் கத்தவில்லை, குனிந்த தலை நிமிராமல் உருளைக்கிழங்கை வறுத்துக்கொண்டிருந்தார். முதல் சுற்றை அப்பா பரிமாறி முடித்தார். அண்டாவில் பாதிக்குமேல் அப்படியே நின்றது. அப்புறம் ஒன்றுமே இல்லை. ஒரு தட்டும் கேட்கவில்லை. பெரிய மனிதர்கள் ஆகிவிட்டார்கள், மேசையைத் தட்டுவதற்குக் கூச்சம், தட்டினாலும் அந்த விரிப்பில் எங்கே கேட்கப்போகிறது? அம்மா கரண்டியைப் பிடித்தபடி காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது, ஆனால் முதுகே அவ்வளவு சொல்லும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அப்பாவிடம், போதும், அண்டாவை மூடிடுங்க என்றாள்.

அப்போதுதான் டொக் டொக் என்று ஒரு சத்தம். விரிப்பை விலக்கிவிட்டு வெறும் பலகையில் விழுந்த அடி, மண்டபம் முழுக்கக் கேட்டது. அக்கா, வரலாற்றில் உன் தம்பியின் பெயர் பொறிக்கப்பட வேண்டிய இடம் இது. நிலைமையை முன்கூட்டியே அறிந்து, கையில் ஸ்பூனோடு மேசைக்கடியில் பதுங்கியிருந்த தளபதி யார் என்று நினைக்கிறாய்? அடியேன்தான். அந்த ஒரு தட்டுதான் அணையை உடைத்தது. கண் டாக்டர் விரிப்பைச் சுருட்டித் தூக்கி எறிந்துவிட்டு டொக் டொக் என்றார். அடுத்த மேசையில் ஒரு நீதிபதி அம்மாள். அப்புறம் மேசை மேசையாக, வரிசை வரிசையாக, கோட்டுக்காரர்களும் பட்டுக்காரிகளும் பள்ளிப் பிள்ளைகள்போல ஸ்பூனால் அடித்தார்கள், மண்டபமே அதிர்ந்தது, காவலாளி சண்டையென்று நினைத்து ஓடிவந்து, கடைசியில் அவரும் ஒரு கிண்ணத்தை நீட்டினார். எந்த மேசை என்று சொல்ல அம்மாவால் முடியவில்லை, எல்லா மேசையும்தான் தட்டின. அவள் திரும்பினாள். முதல் முறையாகச் சாப்பிடுகிறவர்கள் பக்கம் திரும்பி நின்றாள். அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். நீதிபதி அம்மாள், இதுதாங்களா உங்க முகம், இத்தனை நாள் மறைச்சே வச்சிருந்தீங்களே என்றார். அம்மா சிரித்தாளா அழுதாளா என்று சொல்லக் கூடாதாம், சூப்பின் ஆவி என்று எழுது என்கிறாள். சரி, ஆவிதான். அண்டாவின் அடி தெரிந்தபோது அப்பா அதைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு தட்டுத் தட்டினார் பார், கோயில் மணி தோற்றது. மறுநாள் காலை பழைய சாமான்காரர் வெறும் வண்டியோடு வந்தார், வெறும் வண்டியோடு போனார்.

வெற்றிச் செய்தி இன்னும் முடியவில்லை. கல்லூரியில் பழைய சைக்கிள் கொட்டகையை வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் நமக்குக் கொடுக்கிறார்கள். சூப் நம்முடையது, வறுவல் கத்தல்காரருடையது, இரண்டு பேருக்கும் ஒரே கூரை! அம்மா மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். மாறாக, விழாவுக்கு மறுநாள் அந்த வலிக்கிற கையோடு சின்னப் பாத்திரத்தில் புதிதாக சூப் வைத்து, தூக்கில் ஊற்றி, கத்தல்காரர் வீட்டில் கொடுத்துவிட்டு வா என்றாள். எதுக்கும்மா என்றேன். பாவம், தொண்டை கட்டியிருக்கும் என்றாள். ஒரு வார்த்தை கத்தாத மனுஷனுக்கு எப்படித் தொண்டை கட்டும் என்று நான் கேட்கவில்லை. மேசைகள் தேடிக்கொண்டிருக்கிறோம், ஒன்று தகரம், ஒன்று மரம், ஒன்று கல், விரிப்பு கிடையவே கிடையாது. நேற்று அம்மா கல்லூரிச் சாலை வழியாகவே காய் வாங்கப் போனாள். ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, அடுப்பு இருந்த இடத்துல ஒரு மெஷினு நிக்குது, அதுவும் முதுகைக் காட்டிக்கிட்டுதான் நிக்குது என்று சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். உனக்கு லீவு கிடைத்ததும் வெள்ளிக்கிழமை பார்த்து வா. மர மேசையில் சுவரோர நாற்காலி உனக்கு. உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அதை மறக்காதே. குளிருக்குக் காதை மூடிக்கொள், கோபம் வந்தால் வாயை மூடிக்கொள், பசி வந்தால் மட்டும் எதையும் மூடாதே. நீ எடுத்த காரியமெல்லாம் அடிவரை காலியாகி, மறுபடி நிறைந்து வழியட்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா, அப்பா
(கைவண்ணம்: தம்பி)

பின்குறிப்பு, தாளின் பின்பக்கம்: முழுதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தளபதி வந்த இடத்தில் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்து, ஸ்பூனா, எனக்கென்னவோ கரண்டிச் சத்தம் மாதிரி இருந்துச்சு என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அக்கா, இது உனக்கு மட்டும். நான் மேசைக்கடியில் இருந்தது உண்மை. ஸ்பூன் கொண்டுபோனதும் உண்மை. ஆனால் காத்திருந்த நேரத்தில் பசித்ததால் ஸ்பூனைத் தரையில் வைத்துவிட்டு, சுட்டுக்கொண்டு வந்திருந்த வறுவலைத் தின்றுகொண்டிருந்தேன். அப்போது எண்ணெய்க் கறை படிந்த இரண்டு செருப்புகள் வந்து நின்றன, ஒரு கை விரிப்பை விலக்கியது, வறுவல் கரண்டியால் பலகையில் டொக் டொக் என்று தட்டியது. குனிந்து என்னைப் பார்த்துவிட்டார். ஆயுளில் முதல் தடவையாகக் கத்தல்காரர் கிசுகிசுத்தார்: உங்கம்மாகிட்ட சொன்னே, உன்னையும் வறுத்துடுவேன். சரி என்று தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது. தளபதியின் வாய் முழுக்க எதிரியின் உருளைக்கிழங்கு.