ஊருக்கு ஒரு கார்வி

அன்பு நண்பா,

கறுப்பர்களைத் தலைநிமிரச் சொன்ன நம் தலைவர் கார்வியின் பிறந்தநாள் கூட்டத்தில், "இன்றைக்கும் கார்வி தேவையா?" என்று நீ பேசியது நன்றாக இருந்தது. கறுப்பு நமக்கு அவமானமல்ல, கிரீடம் என்றாய். கிங்ஸ்டன் மண்டபமே எழுந்து கைதட்டியது. நானும்தான்.

பிறகு உன் வீட்டுக்கு வந்தேனே, அது இஞ்சி பீர் குடிக்க அல்ல. என் பேரன் ரான்ஸ்ஃபோர்டும் உன் பேத்தி கெரீனும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். அதைப் பெரியவர்களாக நாம் பேசி முடிக்கலாம் என்றுதான் வந்தேன். வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது சமையலறையில் உன் குரல் கேட்டது.

"பையன் தங்கம்தான், புள்ள. ஆனா அடுப்புக்கரி மாதிரி இருக்கானே! தலைமுறை தலைமுறையா வெளுத்து வெளுத்து நிறத்தை ஏத்திக்கிட்டு வந்திருக்கோம். ஒரே கல்யாணத்துல இறக்கிடுவ போலிருக்கே?"

"அப்போ மேடையில பேசினது யாருக்குத் தாத்தா?"

"அது ஊருக்கு. இது வீட்டுக்கு."

எனக்குக் காது மந்தம். தவறாகக் கேட்டேனோ என்று இன்னும் சந்தேகப்பட்டுப் பார்க்கிறேன். ஆனால் நீ வெளியே வந்து, என் முகத்தைப் பார்க்காமலே கோப்பையை நிரப்பினாய். நானும் நன்றி சொல்லிக் குடித்தேன். வந்த விஷயத்தைச் சொல்லவில்லை.

பேரன் என் நிறம். இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்தும் அது உன் கண்ணை உறுத்தியதா?

வரும் ஞாயிறு மண்டபத்தில் கார்வியின் புத்தகத்தை வாசிப்பது உன் முறை. கார்வி நம் நிறத்தைப் பற்றிப் பேசும் பக்கத்தில் அடையாளம் வைத்திருக்கிறேன். ரான்ஸ்ஃபோர்டை முன்வரிசையில் உட்காரவைப்பேன். அவன் முகத்தைப் பார்த்துப் படி.

இப்படிக்கு,
உன் பக்கத்து நாற்காலிக்காரன்