ரத்தத்தில் இருக்கிறதாம்

தாயில்பட்டி

அன்பு மகள் வேல்விழிக்கு சித்தப்பா அய்யாதுரை எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும் குண்டுக்கல் மாதிரி இருக்கிறோம், கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கப் பத்திரகாளியம்மன் துணை. போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். உன் அத்தை மாடத்திக்கு மார்பில் கட்டி, புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, எழுந்து உட்கார்ந்து என்னை ஏசுகிறாள், பயப்படாதே. விஷயம் வேறு. மதுரை டாக்டர் அவள் ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு இது பரம்பரையாக வருவது, உன் அப்பாவைக் கொண்டுபோன புற்றுநோயும் இதனால்தான் வந்திருக்கும் என்கிறார். பட்டாசுக் கம்பெனியில் உழைத்த எங்கள் அண்ணனைப் பட்டாசு மருந்துதான் தின்றது என்று கலெக்டர் மேசையையே தட்டிப் பேசியவன் நான், கலெக்டர் எழுந்து நின்றுவிட்டார். இப்போது வந்து ரத்தம் என்றால்? கம்பெனிக்காரர்கள் இந்த டாக்டரைக் கவனித்திருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

உடம்பில் ஒவ்வொரு செல்லும் இரண்டாகப் பிரியும்போது உள்ளே எழுதியிருப்பதை முழுக்க நகல் எடுக்குமாம். பிழை விழுந்தால் திருத்தவும், திருந்தாவிட்டால் பிரியவிடாமல் நிறுத்தவும் காவல் ஜீன் உண்டாம், அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. பட்டாசுக் கம்பெனியில் மருந்துக் கலவை சூடானால் ஃபோர்மேன் அறையைப் பூட்டுகிற மாதிரியா என்று கேட்டேன், டாக்டர் அசந்துபோய்த் தன் நாற்காலியிலேயே என்னை உட்காரச் சொன்னார். மாடத்திக்குப் பிறவியிலேயே ஒரு ஃபோர்மேன் கெட்டுப்போனவன். மிச்சமிருந்தவனும் ஏதோ ஒரு செல்லில் போய்விட, அது பிழையோடு பிரிந்து, பிழைமேல் பிழை ஏறிக் கட்டியாகிவிட்டதாம். அம்புட்டு நன்றாகச் சொல்வதுதான் எனக்கு இடிக்கிறது. மாடத்தி விடவில்லை. ஏண்ணே, நான் காரியாபட்டியில வெங்காயம் நட்டவ, பட்டாசு மருந்த மோந்தாவது பாத்திருக்கேனா, ஊசிக்குப் பயந்துக்கிட்டு டாக்டரக் குத்தம் சொல்லாதீக என்று நர்ஸ் முன்னாலேயே சொன்னாள். உடனே நானும் பரிசோதனைக்குக் கையை நீட்டிவிட்டேன். இத்தனை சிவப்பான ரத்தத்தை அந்த நர்ஸ் பார்த்ததே இல்லையாம். முடிவு இன்னும் வரவில்லை.

அப்பாவுக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வரலாமாம், முன்கூட்டியே தெரிந்தால் வருஷாவருஷம் பார்த்துச் சின்னதிலேயே பிடித்துவிடலாமாம். மகளே, பட்டாசு மருந்துதான் காரணம் என்றால் நீ விமானம் ஏறிய அன்றைக்கே தப்பித்தாய். ரத்தம் என்றால் அதுவும் உன்னோடு ஏறியிருக்கும். அதனால்தான் நான் நம்பமாட்டேன் என்று நிற்கிறேன். அத்தையின் ரிப்போர்ட்டை இதோடு வைத்திருக்கிறேன், அங்குள்ள டாக்டரிடம் காட்டி, நீயும் ரத்தம் கொடுத்துப் பார். உனக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் எழுது, மதுரைக்குப் போய் இவர் மேசையையும் தட்டிவிட்டு வருகிறேன்.

காதை மூடாமல் வெளியே போகாதே. தள்ளிப்போடாதே தாயி. நூறு வயசு இரு.

உன் சித்தப்பா
அய்யாதுரை