ஆறாம் லிஃப்டில் அப்பா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், என் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகம்தானே? வாந்தி நின்றதா என்று எழுது. போனில் கேட்டால் எல்லாம் சரிதாம்மா என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறாய்.

வேலை பழையபடிதான். கட்டடத்தின் கீழ்ப்பாதி ஆபீஸ்களில் இரண்டு காலியாகி, புதிதாக யாரோ வந்திருக்கிறார்கள். மேல்பாதி ஹோட்டலுக்கு வாசலில் புதுக் கம்பளம் போட்டிருக்கிறார்கள், நாங்கள் அதில் கால் வைக்கக் கூடாதாம். நான் அடித்தளத்து கண்ட்ரோல் ரூமில் கேமராத் திரைகளோடும் லிஃப்ட் போன்களோடும், அப்பா லிஃப்டுகளோடும் காலத்தை ஓட்டுகிறோம். நீ உன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறவர், பிரசவத்துக்கு நான் உன்னிடம் வரப்போகிறேன் என்றதும் என்னோடும் பேச்சை நிறுத்திக்கொண்டார். சாப்பாடு போதும் என்பதைக்கூடத் தட்டைத் தள்ளித்தான் சொன்னார். நான் மட்டும் இளைத்தவளா, நானும் வாயை மூடிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேள். ஞாயிறுதோறும் ஜெனரேட்டர் சோதனை உண்டு. அப்பா எல்லா லிஃப்டையும் பார்த்துவிட்டு, லிஃப்ட் எல்லாம் காலி என்று எனக்குப் போனில் தன் வாயால் சொல்ல வேண்டும், பிறகுதான் நான் கரண்டை நிறுத்தச் சொல்வேன். மனுஷர்தான் என்னோடு பேச மாட்டாரே, செக்யூரிட்டிக்காரரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். நானும் வீம்புக்குத் திருப்பிக் கேட்கவில்லை, நிறுத்தச் சொல்லிவிட்டேன். அந்த ஆள் வழியில் டீ குடிக்காமல் போக மாட்டார், அதற்குள் கீழே வந்துவிடலாம் என்று அப்பா ஆறாம் லிஃப்டில் ஏறியிருக்கிறார். அன்றைக்குப் பார்த்து அந்த ஆள் டீ குடிக்கவில்லை.

ஆறாம் லிஃப்ட் போன் அடித்தது. எடுத்தால் அப்பா. உள்ளே எத்தனை பேர், யாருக்காவது மூச்சுத் திணறுகிறதா என்று விதிப்படி கேட்டேன். ஒருத்தன்தான், திணறல என்றார். ஜெனரேட்டரில் முதலில் ஹோட்டல் லிஃப்டுகள்தான் ஓடும், ஞாயிறன்று காலியாகக் கிடக்கும் ஆபீஸ் லிஃப்டுக்குக் கடைசியில்தான் முறை வரும். மாட்டிக்கொண்டவர் வெளியே வரும்வரை கண்ட்ரோல் ரூமில் இருப்பவர் போனை வைக்காமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே அப்பாதான். எதைப் பேசுவது? என் மனசில் இருப்பது நீதான். உனக்குக் காபி வாசனையே ஆகாமல் போனது, மாப்பிள்ளையே சமைப்பது, நாலாம் மாடி வீடு என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவருக்கு எழுந்து போக இடமில்லை. உங்கள் லிஃப்ட் தரைக்குக் கொஞ்சம் கீழேயே நின்று உனக்குக் கால் தடுக்கியதைச் சொன்னேன் பார், அதுவரை ம் கூடக் கொட்டாதவர், எவ்வளவு கீழ நிக்குது, மாசமா இருக்கிற பொண்ணு விழுந்தா என்ன ஆகும், அங்க பாக்க ஆளே இல்லையா என்று சத்தம் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பேச்செல்லாம் பதிவாகும், மேனேஜர் கேட்பாரே என்று அடக்கிக்கொண்டேன். அவகிட்டயே கேளுங்களேன் என்றேன். பதில் வருவதற்குள் லிஃப்ட் நகர்ந்துவிட்டது.

இரண்டு பேருக்கும் மேனேஜரிடம் நல்ல திட்டு விழுந்தது, விழ வேண்டியதுதான். வீட்டுக்கு வந்து இன்னொரு கரண்டி சோறு கேட்டார், வாயால். இப்போது நான் எழுதும்போது, மூக்கிலேயே இருக்கும் கண்ணாடியைத் தேடுகிற சாக்கில் இரண்டு முறை இந்தப் பக்கம் வந்து, லிஃப்ட் விஷயத்த எழுதிட்டியா என்றார். நீங்களே எழுதுங்க என்று கீழே இடம் விட்டிருக்கிறேன். எழுதுவாரோ மாட்டாரோ, அவர் பாடு.

இரும்பு மாத்திரையை மறக்காதே. கனமானதைத் தூக்காதே. உன் ஊருக்கு டிக்கெட் எடுத்ததும் சொல்கிறேன். நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா

லிஃப்டைச் சரிசெய்யும்வரை படியில் போ. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறு. லிஃப்ட் நிற்கிற இடத்தைப் போட்டோ எடுத்து எனக்கே அனுப்பு. டிக்கெட் இரண்டாக எடுக்கச் சொல்லியிருக்கிறேன், வந்து நானே பார்க்கிறேன்.
அப்பா